ஏழாவது வகைக் கசிவு

வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே காலுக்கு, நல்லாண்டிபுரம் பேரூராட்சி எல்லைக்குள் இருந்த தண்ணீரெல்லாம் ஊமையாகிப் போனபோது, பேராச்சி தேரடி முக்கில் முட்டிபோட்டுக் குனிந்து, ஐந்தடி இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார்ச்சாலையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்திருந்தாள். தரைக்கு அடியில் எங்கோ குழாய் உடைந்திருந்தது. அது எங்கே என்று சொல்வதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளியாக அதைச் செய்துவந்தாள். மற்றவர்கள் தெருவையே கிளறிப்போட்டும் கிடைக்காத உடைப்பை, அவள் கம்பியைப் பத்து இடத்தில் வைத்துப் பார்த்து, பதினொன்றாவது இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு, "இங்கன வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவாள். வெட்டினால் அங்கேதான் இருக்கும்.

அன்றைக்குக் கம்பிக்குள் சீறிக்கொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றது. குழாயை யாரோ அடைத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தாள். பிறகு காது அடைத்துக்கொண்டது என்று நினைத்து மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தாள். திருச்செந்தூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, புரோட்டாக் கடையில் கல்லைச் சுரண்டுவது கேட்டது, செருப்புத் தைக்கிற கடையில் ஆணி அடிப்பது கேட்டது. இடுப்பில் இருந்த பாட்டிலை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் வெள்ளை நூல் மாதிரி இறங்கி, சத்தமே இல்லாமல் தரையில் படர்ந்தது. அவள் பாட்டிலை ஆட்டிப் பார்த்தாள், உள்ளே அலையடித்தது, ஒரு முனகல்கூட இல்லை.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேராச்சியின் கோபம் அங்கேதான் பிறந்தது. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று புஸ்ஸென்று வெளியேறும் சத்தத்தை வைத்தே குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய பெண்கள், இப்போது தெருவுக்கு ஒருத்தியைக் குழாயடியில் உட்காரவைத்து அதன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். நிறைகிற குடம் நிறைந்துவிட்டேன் என்று சொல்லாததால் முதல் வாரம் வீடெல்லாம் சேறு, இரண்டாம் வாரம் குடத்துக்குள் பிங்பாங் பந்தைப் போட்டுவைத்து அது கழுத்துக்கு வந்ததும் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். சிவன் கோயிலில் அபிஷேகத்தை வாயசைவு மாதிரி பார்த்துக் கும்பிட்டார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரின் குழாயையும் தாங்களே அடைத்துவிடப் பழகினார்கள். ஆனி மாதச் சாரல் வந்ததும் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் நனைந்த துணியை எடுத்தார்கள், மழை திருடன் மாதிரி வந்து திருடன் மாதிரி போனது. கைக்குழந்தைகளைச் சாக்கடையோரம் தூக்கிப் பிடித்து ஒன்றுக்குப் போகச் சொல்லி 'ஷ்ஷ்ஷ்' என்கிற தாய்மார்களுக்கு உதடு குவிந்ததே தவிர அந்தச் சத்தம் வரவில்லை. குழந்தைகள் அம்மாவின் வாயைப் பார்த்துச் சிரித்துவிட்டு மடியிலேயே போயின. இதற்கெல்லாம் நடுவில் மாவு மில் தங்கப்பழத்தின் குறட்டையும் அதே வியாழக்கிழமையிலிருந்து நின்றுபோனது. அவர் மனைவி செல்லக்கனி இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள், வேண்டுதல் பலித்தது என்று மொட்டை போட்டுக்கொண்டாள், வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது. "என்ன பண்ண, இப்ப இப்படித்தான்" என்று டீக்கடையில் சொன்னார்கள். தண்ணீர் இருக்கிறதே, சத்தம்தானே இல்லை என்றார்கள். பேராச்சி அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் வேலைக்குப் போகவில்லை, வேலை இல்லை. கம்பி வீட்டு மூலையில் சாய்ந்து கிடந்தது.

ஆனி பத்தாம் தேதி பேரூராட்சிக்குக் கடிதம் வந்தது. செயல் அலுவலர் எல்லாரையும் கூட்டி, ஒலிபெருக்கி வைத்து அதைப் படித்தார். சென்னையில் உள்ள நீரொலி டெக்னாலஜிஸ் என்கிற கம்பெனி, 'நிலத்தடிக் குழாய்களில் நீரின் ஓட்டத்தையும் ஏழு வகைக் கசிவுகளையும் ஒலியால் அறியும் முறை'யைக் கண்டுபிடித்து அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டது. முதற்கட்டமாக நல்லாண்டிபுரம் எல்லைக்குள் அது வியாழக்கிழமை பதினொன்றே காலுக்கு நடைமுறைக்கு வந்தது. இனி அந்த ஒலியும் அதனை ஒத்த ஒலிகளும் கம்பெனியின் உடைமை. கம்பெனி தரும் வெள்ளைப் பெட்டியைச் சுவரில் ஒட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வீடுகளில் மட்டும் தண்ணீர் வழக்கம்போல ஒலிக்கும்.

கூட்டத்தில் ஒருவருக்கும் ஆச்சரியம் வரவில்லை. பெட்டி எப்போது வரும் என்று நாலு பேர் கேட்டார்கள்.

பேராச்சி எழுந்தாள். "கண்டுபுடிச்சாங்களா? யாரு கண்டுபுடிச்சா?"

செயல் அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கடிதத்தை மறுபடி பார்த்தார். "கண்டுபிடிப்பாளர்னு கம்பெனி இயக்குநர் பேர் போட்டிருக்கு, பேராச்சி."

"அந்தாளு நம்மூர் மண்ணையாவது மிதிச்சிருக்கானா?"

மிதித்ததில்லை. மிதித்தது ரஞ்சித் சாமுவேல் என்கிற கம்பெனி இன்ஜினியர். போன வருஷம் ஏழு மாதம் அவன் பேராச்சியின் பின்னாலேயே அலைந்தான், அவள் கம்பியில் சின்ன மைக் ஒன்றைக் கட்டினான், அவள் கேட்பதை எல்லாம் அவனும் ஹெட்போனில் கேட்டான், "இது என்ன சத்தம்க்கா, அது என்ன சத்தம்க்கா" என்று நச்சரித்தான். அவளும் சொன்னாள். இது சீறல், குழாயில் ஊசித் துவாரம். இது விம்மல், மூட்டு நெகிழ்ந்திருக்கு. இது நெளிசல், வேர் புகுந்திருக்கு. கடைசி நாள் பதினோரு பக்கக் காகிதத்தை நீட்டினான். "என்னத்துக்குத் தம்பி இது?" என்றதற்கு, "சும்மா ஃபார்மாலிட்டிக்கா" என்றான். அவன் அவள் வீட்டில் சாப்பிட்டவன், அதனால் கையெழுத்துப் போட்டாள்.

பெட்டி வந்த வீடுகளில் தண்ணீர் பேசியது. பெட்டி இல்லாதவர்கள் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கப் போனார்கள். கையெழுத்துப் போடாத காது அருகே வந்ததும் பெட்டி சிவப்பாக மின்னி, தண்ணீரின் வாயைப் பொத்திவிட்டது. அதனால் பெட்டி வாங்கிய வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர்களையே வாசலோடு அனுப்பத் தொடங்கினார்கள். பேராச்சி தெருவில் நின்று ஏசினாள். "ஏட்டி, உங்க வீட்டுத் தண்ணி சத்தத்த உங்களுக்கே திருப்பிக் குடுக்கான், அதுக்கு நன்றி வேற சொல்லுதீங்களா?" என்று கேட்டாள். அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு ஆயிஷா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவள் வீட்டிலும் பெட்டி இல்லை. ஆடி மாதம் ஒரு முற்பகலில் அவள் அடுப்படியில் அரிசிப் பத்திரி சுட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு வயது மகள் நஸ்ரின், மூடி விலகியிருந்த முற்றத்துத் தொட்டிக்குள் விழுந்தாள். பத்தடி தூரத்தில் தாய் இருந்தாள், குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேராச்சி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், இருவர் காதிலும் எதுவும் விழவில்லை. பேராச்சி ஒரு சேலையை உதறித் தலையைத் தூக்கியபோது, தொட்டித் தண்ணீரில் மஞ்சளாக ஒரு துணி மிதப்பதைக் கண்டாள். அது துணி இல்லை, பிள்ளையின் பாவாடை. சுவர் ஏறிக் குதித்து, காலைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்து, வாயில் வாய் வைத்து ஊதி, எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியாது, பிள்ளை இருமியது. அந்த இருமலில் வந்த தண்ணீரும் சத்தமில்லாமல் வந்தது.

ஆயிஷா அழவில்லை. ஈரப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அந்தக் கம்பெனி எங்க இருக்கு பேராச்சிக்கா?" என்று கேட்டாள்.

இருவரும் மறுநாள் காலை ரயிலேறினார்கள், பிள்ளையை ஆயிஷாவின் தாயிடம் விட்டுவிட்டு.

கம்பெனி பதினான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம். வாசலில் அவர்களின் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பையைத் துழாவினார்கள், உள்ளே பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். "ஏற்கனவே ஒண்ணுல போட்டுத்தான் இங்க வந்து நிக்கேன்" என்று பேராச்சி பேனாவைத் தட்டிவிட்டாள். ஆயிஷா பிள்ளை விழுந்ததை வாசலில் சொன்னாள். அரைமணி நேரம் கழித்து அறிவுசார் சொத்துப் பிரிவின் தலைவி மதுரவாணி தானே இறங்கி வந்து, கையெழுத்து இல்லாமலே அவர்களை ஓர் அறைக்கு அழைத்துப் போனாள். நாற்பது வயதிருக்கும், நல்ல குரல், கைத்தறிச் சேலை. அந்த அறையின் சுவரில் கல்லின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது சலசலத்தது.

பேராச்சிக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் காதில் பட்டதும் கண் நிறைந்துவிட்டது. தன் கண்ணீர் தன் சம்மதம் கேட்காமல் இவள் முன்னால் வந்ததே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"குழந்தை விஷயம் கேள்விப்பட்டு ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா தொட்டியை மூடி வைக்கிறது வீட்டுக்காரங்க பொறுப்பு இல்லையா?" என்றாள் மதுரவாணி. ஆயிஷா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மதுரவாணி பேச்சை மாற்றி, கம்பெனி தன் சொத்தை எப்படிக் காக்கிறது என்று விளக்கத் தொடங்கினாள். அதில் அவளுக்கு உண்மையான பெருமை இருந்தது. ஒரு கண்டுபிடிப்பு பிறந்ததும் பதிவு செய்கிறோம், பதிவு செய்ய முடியாததை ரகசியமாக வைக்கிறோம், தெரிந்தவர்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்குகிறோம், ஒருவருக்கும் முழுசாகத் தெரியாமல் பிரித்து வைக்கிறோம். "அதுக்கும் மேல, பதிவுகளுக்குள்ள நாங்களே சில பொய்யான கசிவுகளைக் கலந்து வெச்சிருக்கோம். யாராவது திருடிட்டா, அந்தப் பொய்யும் சேர்ந்தே போகும். பொய்யை வெச்சே திருடனைப் பிடிச்சிடலாம்" என்று சிரித்தாள். திரையில் ஏழு வகைக் கசிவுகளும் ஏழு அலைகளாக ஓடின.

பேராச்சி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "நான் சொன்னது ஆறுதானே" என்று வாய்க்குள் முனகினாள். பிறகு அவளுக்கு ஞாபகம் வந்தது. பங்குனி வெயிலில், கால் வீங்கியிருந்த ஒரு மத்தியானம், ரஞ்சித் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று உயிரை வாங்கியபோது, அவனை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று மாவு மில் சுவரில் கம்பியை வைத்து, "இது புது மாதிரி கசிவு தம்பி, விட்டுவிட்டு வரும், ஆழத்துல இருக்கு" என்று சொல்லியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சாக்குமூட்டை மேல் தங்கப்பழம் தூங்கிக்கொண்டிருந்தார்.

மதுரவாணி நாற்காலியை அருகில் இழுத்தாள். "உங்க பங்களிப்பை நாங்க மறக்கலை பேராச்சிம்மா. எங்க ஆலோசகரா வாங்க. இந்த ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க. கையெழுத்துப் போட்டதும் உங்க காதுக்கு மட்டும் எல்லாத் தண்ணியும் திரும்பக் கேக்கும். பெட்டிகூடத் தேவையில்லை. ஆனா இதைப் பத்தி வெளியில பேசக் கூடாது."

"இவளுக்கு?"

"தனித்தனி ஒப்பந்தம்தான் போட முடியும்."

பேராச்சி எழுந்து, சுவரில் வழிந்த தண்ணீரில் உள்ளங்கையை வைத்து, அது அடங்கும்வரை அழுத்திப் பிடித்தாள். "எங் காத நீ புடுங்கி வெச்சிக்கிட்டு எனக்கே தானமா தாறே. அதுவும் எனக்கு மட்டும். நான் கேட்டுக்கிட்டு இருப்பேன், இவ பிள்ள முங்குனா இவளுக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்லணும், என்ன? நல்லா இருக்கும்மா உன் சொத்து." ஈரக்கையை அந்தக் காகிதத்திலேயே துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு ரஞ்சித் ஓடிவந்தான், இளைத்துப் போயிருந்தான். பேராச்சி கையை ஓங்கினாள், அவன் விலகவில்லை. "எதிர்ப்பு மனு போடலாம்க்கா. அவங்க கண்டுபிடிக்கலை, உங்ககிட்ட எடுத்ததுன்னு நிரூபிச்சா ரத்தாகிடும். நான் வந்து சொல்ல முடியாது, நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எங்க வீட்டுச் சோறு தின்ன வாய் அது."

அவன் தலைகுனிந்து, மனு எங்கே போட வேண்டும் என்று எழுதிய சீட்டை ஆயிஷாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மனு போட்டார்கள். கையெழுத்துக்கு வீடு வீடாக ஏறி இறங்கியபோது பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை, பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். ஆயிஷா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள், பேராச்சி பேசினாள், பேசினாள் என்பதைவிட ஏசினாள் என்பதுதான் சரி. வெட்கப்பட்டுச் சிலரும் பயந்து சிலருமாக நூற்றுப்பதினெட்டுப் பேர் போட்டார்கள். ஆவணி மாதம் காப்புரிமை அலுவலகத்து விசாரணை அதிகாரி நேரில் பார்க்க வந்தார். கூடவே மதுரவாணியும் இரண்டு வக்கீல்களும் வந்தார்கள். ஊரே மாவு மில் முன்னால் கூடியது.

"இந்த முறை உங்களுடையதுதான் என்பதற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். வயசான மனிதர், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இல்ல சார். எழுதி வெக்கணும்னு எங்களுக்குத் தோணலை, அவங்களுக்குத் தோணிட்டு" என்றாள் பேராச்சி. "ஏழாவது வகை எங்க கிடைச்சுதுன்னு மட்டும் அந்தம்மாகிட்டக் கேளுங்க."

மதுரவாணி கோப்பைப் பார்த்து, பல்லாண்டு ஆய்வில் எங்கள் கூடத்தில் கண்டறிந்தது, ஆழ்நிலக் கசிவு, மிக அரிதானது என்றாள். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

"தங்கப்பழம் அண்ணாச்சி, படுங்க" என்றாள் பேராச்சி.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். தங்கப்பழம் நூறு பேர் பார்க்க எப்படித் தூங்குவது என்று கூச்சப்பட்டார், சாக்குமூட்டை மேல் சாய்ந்தார், ஐந்தாவது நிமிஷம் வாயைப் பிளந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது, மீசை பறந்தது, சத்தம் இல்லை. பேராச்சி ஒரு வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்த வெள்ளைப் பெட்டியை அவர் தொப்பைமேல் வைத்தாள். பெட்டி சிவப்பாக மின்னத் தொடங்கி, கசிவென்றால் எந்தக் காதுக்கும் அறிவித்தாக வேண்டுமே என்று ஒரு கணம் யோசித்தது. பிறகு அதன் வழியாக, தொண்ணூற்று மூன்று நாளைக்குப் பிறகு, தங்கப்பழத்தின் குறட்டை சுவர் அதிர வெளியே வந்தது. பெட்டியின் பெண்குரல் தெளிவாக அறிவித்தது: "கசிவு கண்டறியப்பட்டது. ஏழாவது வகை. உடனடியாகத் தோண்டிச் சரிசெய்யவும்."

ஊர் சிரித்தது. செல்லக்கனி மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அதிகாரியும் கர்ச்சீப்புக்குள் சிரித்தார். பேராச்சி சிரிக்கவில்லை. "அது நான் அந்தப் பையன்கிட்டச் சொன்ன பொய் சார். எம்பொய்யக்கூட விடாம எழுதிக்கிட்டாங்க. மிச்சம் ஆறு யார்கிட்ட எடுத்ததுன்னு நீங்களே சொல்லுங்க."

வக்கீல்கள் மதுரவாணியைப் பார்த்தார்கள். மதுரவாணி பெட்டியைப் பார்த்தாள்.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பிறகு பேராச்சியை அருகில் அழைத்து, "கம்பெனி இயக்குநர் பேரை அடிச்சிட்டேன். கண்டுபிடிப்பாளர்ங்கிற இடம் இப்ப காலியா இருக்கு. நீங்க விரும்பினா உங்க பேரை எழுதலாம். இதெல்லாம் உங்களுக்குச் சொந்தமாகும்" என்றார்.

பெட்டி வாங்கியவர்களும், அவளைக் கிறுக்கி என்றவர்களும், கதவைத் திறக்காதவர்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்தாள். இவர்களைச் சத்தத்துக்காகத் தன் வாசலில் நிற்கவைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை, நன்றாகவே தோன்றியது, ஒரு மூச்சு நேரம் அது இனித்தது.

"எம் பேர எழுதினா நாளைக்கு இவங்க காத நான்லா அடைக்கணும்" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி, அந்தக் காலி இடத்தின் குறுக்கே காகிதம் கிழியும்படி ஒரு கோடு இழுத்தாள்.

உடனே சத்தம் வந்தது. அன்றைய தண்ணீரின் சத்தம் மட்டும் வரவில்லை, தொண்ணூற்று மூன்று நாளாக அடைபட்டுக் கிடந்த சத்தமெல்லாம் நடந்த வரிசைப்படியே வந்தது: பேராச்சி தேரடியில் கவிழ்த்த பாட்டில், முதல் வாரம் வழிந்த குடங்கள், ஆனிச் சாரல் ஓட்டுக்கூரைகளில் இறங்கியது, சிவன் தலையில் ஊற்றிய குடம் குடமான பால், பள்ளிவாசல் குழாய்கள், தாய்மார்கள் குவித்த உதடுகளின் ஷ்ஷ்ஷ். அது கேட்டு ஊரிலுள்ள கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றுக்குப் போயின. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஆடினார்கள், அழுதார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு ஆடி மாதம் வந்தது. ஆயிஷா வீட்டுப் பக்கமிருந்து 'தொபுக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதன்பின் கையும் காலும் தண்ணீரை அடிக்கும் சத்தம், பலமாக அல்ல, ஒரு பறவை சிறகடிப்பது போல. அது குறைந்தது. நின்றது. நின்ற பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை.

எல்லாரும் ஆடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆயிஷா இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கி நிறுத்தி, அதன் காதுகளைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தினாள். தன் காதைப் பொத்த அவளுக்குக் கையில்லை.

மதுரவாணியின் முகம் வெளுத்திருந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு... இது இப்படின்னு தெரியாது" என்றாள்.

பேராச்சி மில்லுக்குள் போய், தங்கப்பழத்தின் மர நாற்காலியைத் தூக்கிவந்து காருக்கு முன்னால், தெரு நடுவில் போட்டாள்.

"இப்ப தெரிஞ்சிட்டுல்லா. உக்காருங்க. இன்னும் இருவத்தெட்டு நாள் சத்தம் பாக்கி இருக்கு. முழுசாக் கேட்டுட்டுப் போங்க."

ஊர் காரைச் சுற்றி நின்றது. மதுரவாணி உட்கார்ந்தாள். வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள், பேராச்சி அவள் எதிரே நின்றுகொண்டே இருந்தாள்.